கத்தலான்னா யாரு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பார்சிலோனாவை ஒட்டின ஒரு ஊர்ல எட்டு வருஷமா இருக்கேன். ஊர்ல இருந்து ஃபோன் பண்ற சொந்தக்காரங்க, பார்சா (பார்சிலோனா ஃபுட்பால் கிளப்) மேட்ச் பார்த்துட்டு மெசேஜ் போடுற பசங்க, இங்க மாஸ்டர்ஸ் படிக்க வந்து இறங்குற பிள்ளைங்க எல்லாரும் கேட்கிறது சுத்திச் சுத்தி ஒரே கேள்விகள்தான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். முக்கியமா ஒரு விஷயம். "கத்தலான்"னு கேட்டதும் நம்மாளுங்க மூணு பேரைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க: கத்தலோனியாவுல (ஸ்பெயினோட வடகிழக்குல, பார்சிலோனாவைத் தலைநகரா வச்சிருக்கிற தன்னாட்சிப் பகுதி) இருக்கிறவர், கத்தலான் மொழி பேசுறவர், ஸ்பெயின்ல இருந்து பிரிஞ்சு தனிநாடு வேணும்னு கேட்கிறவர். இந்த மூணும் ஒரே ஆளா இருக்கலாம், மூணு வேற வேற ஆளாவும் இருக்கலாம். கீழ இருக்கிற பதில்ல பாதி இந்தக் குழப்பத்தைப் பிரிக்கிறதுக்குத்தான்.

தமிழ்ல எப்படி எழுதுறது? கேட்டலோனியாவா, கத்தலோனியாவா?

இங்கிலீஷ் வழியா நமக்கு வந்ததால கேட்டலோனியா, கேட்டலன்னு எழுதுறோம், தப்புன்னு சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் புரியுது. ஆனா இங்க இருக்கிறவங்க சொல்றப்ப நாக்கு பல்லைத் தொடுது, அதனால "ட" வராது, "த்த"தான். ஊரோட பேரை அவங்க சொல்றது கத்தலூஞா, கடைசியில வர்றது நம்ம ஞாயிறுல இருக்கிற அதே ஞ. இங்கிலீஷ்காரங்க ரெண்டு எழுத்து போட்டுத் திணறுற இடத்துல நமக்கு ஒரு எழுத்து ரெடியா இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆம்பளைன்னா கத்தலா, பொம்பளைன்னா கத்தலானா, பல பேருன்னா கத்தலான்ஸ். மொழிக்கும் பேரு கத்தலாதான். இந்தப் பக்கத்துல நான் ஆளுக்கும் மொழிக்கும் கத்தலான்னும் ஊருக்கு கத்தலோனியான்னும் எழுதுறேன்.

இந்தப் பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, அறிஞர்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயல. கோத் இன மக்களோட நிலம்னு ஒரு கட்சி, கோட்டைக் காவல் தலைவனைக் குறிக்கிற பழைய சொல்லுல இருந்து வந்துச்சுன்னு இன்னொரு கட்சி. ஆனா 1114-15ல பீசா நகரக் கப்பல்படையும் பார்சிலோனா கோமகனும் சேர்ந்து மயோர்க்கா தீவு மேல படையெடுத்ததைப் பாடுற ஒரு லத்தீன் கவிதையில இந்த மக்களோட பேரு வருது, அப்படின்னா 900 வருஷமா புழங்குற சொல்.

கத்தலான்னா ஸ்பானிஷ்காரங்கதானே?

பாஸ்போர்ட்ல ஆமா. மனசுலன்னா அவங்கவங்களைத்தான் கேட்கணும். இங்க சர்வே எடுக்கிறவங்க இதுக்குன்னே ஒரு கேள்வி வச்சிருக்காங்க, லூயிஸ் மொரேனோங்கிற ஆய்வாளர் பேரால அதைச் சொல்வாங்க. அஞ்சு பதில் குடுத்து ஒண்ணை எடுக்கச் சொல்வாங்க: ஸ்பானிஷ் மட்டும், கத்தலானை விட ஸ்பானிஷ் ஜாஸ்தி, ரெண்டும் சமம், ஸ்பானிஷை விட கத்தலான் ஜாஸ்தி, கத்தலான் மட்டும். செய்தி பார்க்கிற நமக்கு ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்கதான் தெரியும், ஆனா பெரிய கூட்டம் "ரெண்டும் சமம்"ங்கிற நடு இடத்துல உட்கார்ந்திருக்கு. அப்படிச் சொல்றவங்க மழுப்புறாங்கன்னு நினைக்காதீங்க. என் பக்கத்து வீட்டு அம்மாவோட அப்பா அம்மா தெற்கு ஸ்பெயின்ல ஆண்டலூசியாவுல இருந்து வந்தவங்க, இவங்க பிறந்தது இங்க, கிறிஸ்துமஸ்ல ஊருக்குப் போய்ட்டு வருவாங்க, ரெண்டு பக்கமும் அவங்களுக்கு வீடுதான். ஒண்ணைத்தான் எடுக்கணும்னு யாராச்சும் கேட்டா அவங்க முகம் சுருங்கிடும்.

சட்டப்படி யாரு கத்தலான்?

இதுக்கு நேரடியான பதில் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. கத்தலோனியாவுக்குன்னு ஒரு தன்னாட்சிச் சட்டம் இருக்கு, எஸ்தாத்துத்னு சொல்வாங்க, இப்ப நடப்புல இருக்கிறது 2006ல வந்தது. அதோட 7ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஸ்பெயின் குடியுரிமை இருந்து, கத்தலோனியாவுல ஏதாச்சும் ஒரு ஊர்ல குடியிருக்கிறதா பதிவு இருந்தா நீங்க கத்தலான். அவ்வளவுதான். பிறந்த ஊரும் பூர்வீகமும் தாய்மொழியும் அதுல எங்கயும் வராது. நேத்து வரைக்கும் மாட்ரிட்ல இருந்தவர் இன்னைக்கு ஜிரோனாவுக்கு வீடு மாத்திப் பதிஞ்சா சட்டப்படி கத்தலான்.

ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு. இந்தியா பாஸ்போர்ட்டோட இருக்கிறவங்க ஸ்பெயின் குடியுரிமை கேட்கணும்னா பொதுவா 10 வருஷம் லீகலா இருந்திருக்கணும், அதுவரைக்கும் இங்க வரி கட்டினாலும் கத்தலான் மொழியில கவிதையே எழுதினாலும் சட்டத்தோட கணக்குல நாம கத்தலான் கிடையாது. இது எனக்கு வலிக்கிற இடம், மறைக்க விரும்பல.

சட்டத்தை விடுங்க, மக்கள் யாரைக் கத்தலான்னு சொல்றாங்க?

இதுதான் பெரிய கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1950ல கத்தலோனியாவோட மக்கள்தொகை சுமார் 32 லட்சம். 1970ல 51 லட்சம். நடுவுல பிள்ளை பெத்து மட்டும் இப்படி ஏறல, ஆண்டலூசியா, முர்சியா, எக்ஸ்த்ரமதூரா மாதிரி ஏழைப் பகுதிகள்ல இருந்து ரயில்ல பெட்டியைத் தூக்கிட்டு வந்து இறங்கினாங்க, டெக்ஸ்டைல் மில்லு, கார் ஃபேக்டரி, கட்டட வேலை. தங்க இடமில்லாம பார்சிலோனாவோட மோன்ஜுயிக் மலைச் சரிவுல தகரக் குடிசை போட்டு இருந்தாங்க. அது ஃபிராங்கோவோட சர்வாதிகாரக் காலம், 1939ல இருந்து 1975 வரைக்கும், அப்ப கத்தலான் மொழிக்கு ஸ்கூல்லயும் ஆஃபீஸ்லயும் இடம் கிடையாது. யோசிச்சுப் பாருங்க, ஒரு மொழியை வெளியில பேச விடாம அமுக்கி வச்சிருக்கிற நேரத்துல அந்த மொழி தெரியாத லட்சக்கணக்கான ஆளுங்க வந்து குடியேறுறாங்க, அவங்களும் பாவம் வயித்துப் பொழைப்புக்குத்தான் வந்தாங்க, யாரு மேல கோபப்படுறது? "எங்க மண்ணு போச்சு"ன்னு இனவெறி பக்கம் போறதுக்கு எல்லா வாய்ப்பும் இருந்துச்சு. அப்படிப் பேசினவங்க இல்லாமலும் இல்ல.

அந்த நேரத்துல 1964ல ஃபிரான்செஸ்க் கந்தேல் ஒரு புத்தகம் எழுதினார், பேரு "மத்த கத்தலான்கள்". அவர் வலென்சியா உள்நாட்டுல ஒரு சின்ன ஊர்ல பிறந்து, குழந்தையா பார்சிலோனாவுக்கு வந்து, அதே குடிசைப் பகுதியில வளர்ந்தவர். வெளியூர்ல இருந்து வந்த இந்த ஜனத்தை "வந்தவங்க"ன்னு சொல்லாம "மத்த கத்தலான்கள்"னு சொன்னார் பாருங்க, அந்தப் பேரு அப்படியே ஊரெல்லாம் பரவிடுச்சு. தணிக்கையில வெட்டுப்பட்டுத்தான் வந்துச்சு, இருந்தும் வித்துத் தள்ளுச்சு.

இன்னொரு வாசகம் ஜோர்தி புஜோல் சொன்னது. 1980ல இருந்து 2003 வரைக்கும் கத்தலோனியாவோட பிரெசிடெண்டா இருந்தவர், ஜனரலிதாத்னு சொல்ற கத்தலான் அரசாங்கத்தோட தலைவர். "கத்தலோனியாவுல வாழ்ந்து வேலை செய்யுற எல்லாரும் கத்தலான்"ங்கிறது அவரோட வாக்கியம், பதவிக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சிட்டார். அப்புறம் அதோட வாலா "இருக்கணும்னு விரும்புறவங்க"ன்னும் ஒண்ணு சேர்ந்துச்சு. அந்த வால் நல்லதா கெட்டதான்னு இன்னைக்கும் விவாதம் ஓடுது. விருப்பம் இருந்தா போதும், ரத்தம் பார்க்க மாட்டோம்னு ஒருத்தர் படிப்பார், விருப்பத்தை நிரூபிச்சுக் காட்டுன்னு கேட்கிற மாதிரி இருக்கேன்னு இன்னொருத்தர் படிப்பார். எனக்கு முதல் அர்த்தம்தான் பிடிக்கும், ஆனா ரெண்டாவதையும் நேர்ல அனுபவிச்சிருக்கேன்.

எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச சம்பவம் 1977 அக்டோபர் 23. நாடு கடந்து பல வருஷம் இருந்துட்டு, அங்க இருந்தே ஜனரலிதாத்துக்குப் பிரெசிடெண்டா இருந்த ஜோசப் தர்ரதேயாஸ் திரும்பி வந்து பார்சிலோனா அரண்மனை பால்கனியில நிக்கிறார், கீழ சதுக்கம் முழுக்க ஜனம். "கத்தலோனியாவின் குடிமக்களே, இதோ வந்துட்டேன்"னு ஆரம்பிச்சார். "கத்தலான்களே"ன்னு கூப்பிடல. கத்தலோனியாவுல இருக்கிறவங்கள்ல நிறையப் பேரு ஆண்டலூசியாவோட கோர்டோபாவுலயோ அல்மேரியாவுலயோ பிறந்தவங்க. ஒரே ஒரு சொல்லை மாத்திப் போட்டதுல அத்தனை பேரும் உள்ள வந்துட்டாங்க.

பிறகு 2006ல ஹோசே மோந்தியா பிரெசிடெண்ட் ஆனார், அவர் கோர்டோபா மாகாணத்துல இஸ்னாஹார்ங்கிற ஊர்ல பிறந்து பதினாறு வயசு வாக்குல இங்க வந்தவர். அவரோட கத்தலான் உச்சரிப்பைக் கிண்டல் பண்ணினவங்க உண்டு, ஆனா பிரெசிடெண்டா இருந்தது அவர்தான்.

சார்னேகோன்னா என்ன? நான் அந்த வார்த்தையைச் சொல்லலாமா?

சொல்லாதீங்க. நம்ம பக்கம் "வந்தேறி"ன்னு சொன்னா எப்படிச் சுடுமோ அப்படி ஒரு வார்த்தை. கத்தலான்ல ஷர்னேகு, ஸ்பானிஷ்ல சார்னேகோ. ராத்திரியில வேட்டைக்குப் போற நாய்க்குச் சொல்ற ஒரு பழைய ஸ்பானிஷ் சொல்லுல இருந்து வந்துச்சுன்னு சொல்றாங்க. முதல்ல கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையைச் சொல்லப் புழங்கினது, போன நூற்றாண்டுல தெற்கு ஸ்பெயின்ல இருந்து வந்த தொழிலாளிங்க மேல விழுந்துச்சு. மொழி தெரியாதவன், காட்டான்னு எல்லா இழிவும் அதுக்குள்ள இருக்கு.

இப்ப அந்தப் பேரன் பேத்திங்க தலைமுறை அந்த வார்த்தையைத் தாங்களே எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்டாங்க. பார்சிலோனாவை ஒட்டின சாந்த்தா கொலோமாவுல பிறந்த கப்ரியேல் ருஃபியான், பார்லிமெண்ட் எம்.பி., தன்னைத் தானே சார்னேகோன்னும் தனிநாடு ஆதரவாளர்னும் மாட்ரிட் பார்லிமெண்ட்லயே சொல்லிக்கிட்டவர். அவரு சொல்லலாம். அந்த வார்த்தையால அடிபட்ட குடும்பத்துல வந்தவர், அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. வெளியில இருந்து வந்த நாம வாய் திறந்து அதைச் சொன்னா அது வெறும் வசவு.

பரம்பரைக் கத்தலானை எப்படிச் சொல்வாங்க?

"சோக்கா ரெல்"னு ஒரு தொடர் உண்டு, அடிமரமும் வேரும்னு அர்த்தம். அவரு சோக்கா ரெல் கத்தலான்னா தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல இருந்தே இந்த மண்ணுன்னு பொருள். நம்ம "பூர்வீகமே இதுதான்"னு சொல்ற மாதிரி. பெருமையாவும் சொல்வாங்க, ஒருத்தரை உள்ளயும் இன்னொருத்தரை வெளியிலயும் வைக்கிறதுக்கும் சொல்வாங்க, குரலைக் கேட்டுத்தான் புரிஞ்சிக்கணும்.

குடும்பப் பேரை வச்சுக் கண்டுபிடிக்கிற பழக்கமும் இருக்கு. புயிக், செர்ரா, விலா, ஃபெர்ரேன்னு இருந்தா கத்தலான் பேரு. அப்பா குடும்பப் பேருக்கும் அம்மா குடும்பப் பேருக்கும் நடுவுல "இ"ன்னு ஒரு எழுத்து போடுவாங்க, "உம்"னு அர்த்தம், அந்தோனி கௌதி இ கொர்னேத்னு கட்டடக் கலைஞர் பேரைப் பார்த்திருப்பீங்க. ஆனா இன்னைக்கு கத்தலோனியாவுல அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப் பேரு கார்சியா. பேரைப் பார்த்து ஆளை முடிவு பண்ற காலம் முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு.

முதல் பேரும் இங்க சின்ன விஷயம் கிடையாது. ஃபிராங்கோ காலத்துல பிள்ளைக்குக் கத்தலான் பேரு வச்சுப் பதிய முடியாது, ஜோர்தின்னு வைக்க நினைச்சா ஹோர்ஹேன்னு எழுதிடுவாங்க. 1974ல பார்சாவுக்கு ஆடிட்டிருந்த யோஹான் குரோய்ஃப் தன் பையனை ஆம்ஸ்டர்டாம்ல ஜோர்தின்னு பதிஞ்சிட்டு வந்து இங்கயும் அதே பேருதான்னு நின்னார். டச்சுக்காரர், கத்தலான் வீட்டுல எல்லாம் அதைக் கொண்டாடினாங்க. பார்சா கிளப்பை 1899ல ஆரம்பிச்சவரே சுவிஸ்காரர்தான், ஹான்ஸ் காம்ப்பர்னு வந்தவர் ஜோவான் காம்ப்பர்னு ஆயிட்டார்.

கத்தலனிஸ்தா, இண்டெபெண்டெண்டிஸ்தா, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. இங்கதான் நம்ம யூடியூப் வீடியோக்கள் எல்லாமே சறுக்குது.

கத்தலனிஸ்தான்னா கத்தலான் மொழி, பண்பாடு, சுயாட்சி இதெல்லாம் காப்பாத்தப்படணும்னு நினைக்கிறவர். அதுக்குள்ள ஸ்பெயினோட சேர்ந்தே இருக்கலாம்னு சொல்றவங்களும் கூட்டாட்சி வேணும்னு சொல்றவங்களும் தனிநாடு கேட்கிறவங்களும் இருக்காங்க. 1901ல ஆரம்பிச்ச லீகா ரெஜியனலிஸ்தா பழைய பெரிய கத்தலனிஸ்ட் கட்சி, ஸ்பெயினை உடைக்கிறதை விட அதுக்குள்ள கத்தலோனியாவோட கை ஓங்கணும்னுதான் பார்த்தாங்க.

இண்டெபெண்டெண்டிஸ்தான்னா தனிநாடு கேட்கிறவர். தெருப்பேச்சுல சுருக்கி "இண்டெப்பே". இந்த வார்த்தை ரொம்ப நாள் ஒரு சின்னக் கூட்டத்தோட பேராத்தான் இருந்துச்சு, 2010க்கு அப்புறம்தான் வீட்டுல பாட்டி வரைக்கும் பரவுச்சு, 2017 அக்டோபர் 1 வாக்கெடுப்பு எல்லாம் அதோட உச்சம். "சொபிரனிஸ்தா"ன்னும் ஒண்ணு உண்டு, முடிவெடுக்கிற உரிமை எங்ககிட்டதான்னு சொல்றவர், முடிவு என்னங்கிறது அப்புறம்.

எதிர்ப் பக்கத்துக்கு என்ன பேருன்னு கேட்டா, யாரு பேசுறாங்கங்கிறதைப் பொறுத்தது. அவங்க தங்களைச் சொல்லிக்கிறது "கொன்ஸ்தித்துசியொனலிஸ்தா", அரசியல் சட்டத்தோட நிக்கிறவங்கன்னு. மத்தவங்க அவங்களைச் சொல்றது "யூனியனிஸ்தா", கோபம் ஜாஸ்தியானா "எஸ்பஞ்ஞோலிஸ்தா". அதனால யாராச்சும் ஒரு வார்த்தையைச் சொன்னா, எதிராளியைப் பத்தித் தெரியுறதை விட சொன்னவர் எங்க நிக்கிறாருங்கிறது முதல்ல தெரியும்.

ஒரே ஒரு ஜோடியை மனசுல வச்சுக்குங்க. 2024 ஆகஸ்டுல இருந்து பிரெசிடெண்டா இருக்கிற சல்வதோர் இய்யா, கத்தலான் பேசுறவர், லா ரோக்கா தெல் வயேஸ்ல பிறந்தவர், தனிநாட்டுக்கு எதிரானவர். மேல சொன்ன ருஃபியான், ஸ்பானிஷ் பேசுற குடும்பம், ஆண்டலூசியா வேரு, தனிநாடு வேணும்ங்கிறவர். மொழியை வச்சு அரசியலைக் கணிக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு பேரும் போதும்.

நேஷன்னு சொன்னா ஏன் கோர்ட்டு வரைக்கும் போறாங்க?

1978 ஸ்பெயின் அரசியல் சட்டத்துல 2ஆவது பிரிவு "தேசிய இனங்களும் பிராந்தியங்களும்"னு எழுதிச்சு, எது எதுன்னு பேரு சொல்லல. எல்லாரையும் ஒரே மேஜையில உட்கார வைக்கத் தேடிப் பிடிச்ச நடுவாந்தரச் சொல் அது. 2006 எஸ்தாத்துத்தோட முகவுரையில கத்தலோனியா பார்லிமெண்ட் கத்தலோனியாவை நேஷன்னு வரையறுத்ததா எழுதினாங்க, மக்கள் வாக்கெடுப்புலயும் அது பாஸ் ஆச்சு. 2010 ஜூன் 28ல அரசியல் சட்டக் கோர்ட்டு, அந்த வார்த்தைக்குச் சட்டரீதியா எந்தப் பலனும் கிடையாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஜூலை 10ஆம் தேதி பார்சிலோனா தெருவுல மிகப் பெரிய ஊர்வலம், முன்னாடி பிடிச்ச பேனர்ல "நாங்க ஒரு நேஷன், நாங்க முடிவெடுப்போம்". தீர்ப்புல மத்த பிரிவுகளும் அடிபட்டுச்சு, ஆனா நான் பேசின வரைக்கும் ஜனங்க ஞாபகம் வச்சிருக்கிறது அந்த ஒரு சொல்லைத்தான். அதுவரைக்கும் கத்தலனிஸ்தாவா இருந்த பல பேர் இண்டெப்பே ஆனது அந்த வெயில் காலத்துலதான்னு சொல்வாங்க.

வலென்சியாக்காரங்களும் கத்தலானா?

அவங்க முன்னாடி இதைக் கேட்டுடாதீங்க. மொழி ஒண்ணுதான், வட்டார வழக்கு வேற. 1229ல மயோர்க்காவையும் 1238ல வலென்சியாவையும் ஜாவ்மே அரசர் பிடிச்சப்ப அவரோட வந்து குடியேறினவங்களோட மொழி அங்க தங்கிடுச்சு. ஆனா வலென்சியால அதுக்கு வலென்சியன்னுதான் பேரு, சட்டத்துலயும் அப்படித்தான் இருக்கு. அங்க மொழிக்கான அகாடமியே 2005ல ரெண்டும் ஒரே மொழிதான்னு சொல்லிடுச்சு, அப்பவும் ஒத்துக்காதவங்க இருக்காங்க. வலென்சியாக் கொடியில இருக்கிற நீலப் பட்டையை வச்சு அவங்களை "பிளாவேரோ"ன்னு சொல்வாங்க. அங்க "கத்தலனிஸ்தா"ங்கிறதே ஒருத்தரைத் திட்டுற வார்த்தை. அதே சொல், 350 கிலோமீட்டர் தெற்கே போனா வேற எடை.

இந்த மொழி பேசுற எல்லா இடத்தையும் சேர்த்து "பயீசஸ் கத்தலான்ஸ்", அதாவது கத்தலான் நாடுகள்னு ஒரு பேரு உண்டு: கத்தலோனியா, வலென்சியா, பலேயாரிக் தீவுகள், அந்தோரா, அரகோனோட கிழக்கு ஓரம், பிரான்ஸ்ல பெர்ப்பிஞ்ஞான் சுத்து வட்டாரம், சார்தினியா தீவுல அல்கேரோ ஊர். அந்தச் சொல்லைப் பரவலா ஆக்கினது வலென்சியாக்காரரான ஜோவான் ஃபுஸ்தேர், 1962ல. கத்தலோனியாவோட அரசு சேனல் டி.வி.3ல வெதர் சொல்றப்ப காட்டுற மேப்புல இந்த மொத்த இடமும் வரும். மொழியியல் வகுப்புல சொன்னா சாதாரணச் சொல், அரசியல் மேடையில சொன்னா ஒரு கொள்கை, வலென்சியா டீக்கடையில சொன்னா வம்பு. அங்கயும் தீவுகள்லயும் கத்தலோனியாவைச் சொல்லணும்னா "பிரின்சிபாத்"னு சொல்ற பழக்கம் இருக்கு, யாரும் நோகாத பழைய பேரு. அந்தோரால கத்தலான்தான் ஒரே ஆட்சிமொழி, ஆனா அவங்களைக் கத்தலான்னு சொன்னா திருத்துவாங்க, அந்தோராக்காரங்கன்னு.

பிரான்ஸ்லயும் கத்தலான் இருக்காங்களா?

இருக்காங்க. 1659ல பிரான்சும் ஸ்பெயினும் போட்ட பிரனீஸ் ஒப்பந்தத்துல ரூசியோன் பகுதி பிரான்ஸ் கைக்குப் போச்சு, 1700ல பதினாலாம் லூயி அரசு காரியங்கள்ல கத்தலான் மொழியையே தடை பண்ணிட்டார். இன்னைக்கு அங்க கத்தலான்னு சொல்லிக்கிற பல பேருக்கு மொழி வராது, ரக்பி மைதானத்துல சிவப்பு மஞ்சள் கொடி பிடிப்பாங்க, கத்தலான்ஸ் டிராகன்ஸ்னு டீமே இருக்கு, அதே நேரம் தங்களைப் பிரெஞ்சுன்னு சொல்றதுல ஒரு தயக்கமும் கிடையாது. 2016ல அவங்க இருக்கிற மாகாணத்துக்கு ஒக்சித்தானின்னு பேரு வச்சப்ப எங்க பேரு எங்கன்னு கேட்டு பெர்ப்பிஞ்ஞான்ல ஊர்வலம் போனாங்க. தெற்குல "வடக்குக் கத்தலோனியா"ன்னு சொல்வாங்க.

பெர்ப்பிஞ்ஞான் நகரத்துக்குள்ள கத்தலான் இன்னைக்கும் தெருவுல விளையாடுற பிள்ளைங்க வாயில கேட்கணும்னா செயின்ட் ஜாக் பேட்டைக்குப் போகணும், அங்க இருக்கிறது ஹிதானோ மக்கள், ஜிப்சின்னு நாம சொல்ற சமூகம். பார்சிலோனாலயும் கிராசியா பேட்டை ஹிதானோ குடும்பங்கள் வீட்டுல கத்தலான் பேசுறவங்க, ரும்பா கத்தலானா இசையே அவங்ககிட்ட இருந்து வந்ததுதான். கத்தலான்னா இப்படித்தான் இருப்பாங்கன்னு மனசுல ஒரு முகம் வச்சிருந்தா அதை மாத்திக்கணும்.

வேற என்ன வசவு வார்த்தைகள் காதுல விழும்?

"பொலாக்கோ". நேர் அர்த்தம் போலந்துக்காரன், ஸ்பெயினோட மத்த பகுதிகள்ல கத்தலானைக் கேலி பண்ணச் சொல்றது. ஏன் போலந்துன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்வாங்க. டி.வி.3 2006ல ஆரம்பிச்ச அரசியல் நையாண்டி நிகழ்ச்சிக்கு "பொலோனியா"ன்னே பேரு வச்சிட்டாங்க.

"புத்திஃப்ளே". இது கத்தலான் கத்தலானைத் திட்டுறது, துரோகின்னு. 1714 செப்டம்பர் 11ல பார்சிலோனா விழுந்து முடிஞ்ச ஸ்பெயின் அரியணை யாருக்குங்கிற வாரிசுரிமைப் போர்ல, ஜெயிச்ச ஐந்தாம் ஃபெலிப்பே பக்கம் நின்னவங்களுக்கு வச்ச பேரு, முந்நூறு வருஷம் கழிச்சு 2017ல ட்விட்டர்ல பறந்துச்சு. தனிநாடு கேட்கிறவங்களே போதாத வேகம்னு ஒருத்தரை ஒருத்தர் இதால அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு இந்த வார்த்தை பயமா இருக்கு. துரோகின்னு ஒருத்தரைக் கூப்பிட்டா அதுக்கப்புறம் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லாம போகுது.

"பிஷாபின்ஸ்" லேசானது, வார இறுதியில கார் எடுத்துட்டு கிராமத்துக்கு வர்ற பார்சிலோனாக்காரங்களை ஊர்க்காரங்க சொல்றது, பைன் மரத்தடியில ஒண்ணுக்கு அடிக்கிறவங்கன்னு அர்த்தம். மயோர்க்காவுல "ஃபோரஸ்தே"ன்னா ஸ்பெயின் பெருநிலத்துல இருந்து வந்தவர்.

ஸ்பெயின்னு சொல்லாம "ஸ்டேட்"னு சொல்றாங்களே ஏன்?

நல்லா கவனிச்சிருக்கீங்க. கத்தலனிஸ்ட் பக்கம் இருக்கிறவங்க "எஸ்தாத்", இல்லன்னா "ஸ்பானிஷ் ஸ்டேட்"னு சொல்வாங்க. ஸ்பெயின்னு சொன்னா தாங்களும் அந்த நேஷனுக்குள்ள அடக்கம்னு ஒத்துக்கிட்ட மாதிரி, ஸ்டேட்னா அது ஒரு அரசாங்க அமைப்பு, அவ்வளவுதான். மொழியையும் இங்க ஸ்பானிஷ்னு சொல்றதை விட கஸ்தெயானோன்னுதான் ஜாஸ்தி சொல்றாங்க, அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்லுது. இன்னொரு பக்கம் பார்சிலோனாவுல எஸ்பஞ்ஞோல்னு 1900ல ஆரம்பிச்ச கிளப்பே இருக்கு, 1995ல அந்தப் பேரோட எழுத்தைக் கத்தலான் முறைக்கு மாத்திக்கிட்டாங்க, அந்த ரசிகர்களும் கத்தலான்தான்.

செஞ், ரௌஷான்னு சொல்றாங்களே?

கத்தலான்கள் தங்களைப் பத்திச் சொல்லிக்கிற ரெண்டு குணம். செஞ்னா நிதானம், உலக நடப்பு தெரிஞ்ச புத்தி. ரௌஷான்னா திடீர்னு சாமி வந்த மாதிரி ஒரு ஆவேசம். ஒரு மக்கள் மொத்தமும் ஒரே குணம்னு நான் நம்பல, ஆனா டி.வி. விவாதத்துல தினம் வரும், அதனால தெரிஞ்சு வச்சுக்குங்க.

கத்தலான் மொழி பேசலைன்னா கத்தலான் இல்லையா?

சட்டப்படி அப்படி இல்லன்னு மேல சொன்னேன். நடப்புல கேட்டா, 2023ல எடுத்த அரசு மொழிச் சர்வேபடி கத்தலானையே தன்னோட வழக்கமான மொழியா சொன்னவங்க 32.6 சதவீதம், 2003ல அது 46 சதவீதம். பேசத் தெரிஞ்சவங்க அதை விட ரொம்ப ஜாஸ்தி, புரியுறவங்க கிட்டத்தட்ட எல்லாரும். வெளிநாட்டுல பிறந்தவங்க இப்ப ஏறக்குறைய நாலுல ஒருத்தர், அதுவும் ஒரு காரணம். வழக்கமா கத்தலான் பேசுறவங்கதான் கத்தலான்னு சொன்னா மூணுல ரெண்டு பேரை வெளியில விட்டுக் கோடு போட்டுடுவோம், மொழியே தேவையில்லன்னு சொன்னா மொழி கரைஞ்சு போயிடும். இந்த ரெண்டு பயமும் நியாயமான பயம்.

இதுல மறக்கக் கூடாத ஊர் சாந்த்தா கொலோமா தெ கிராமெனேத். ஸ்பானிஷ் பேசுற தொழிலாளிக் குடும்பங்கள் நிறைஞ்ச ஊர். எண்பதுகள் ஆரம்பத்துல அங்க இருந்த பெற்றோருங்கதான், எங்க பிள்ளைங்களுக்குப் பாடம் கத்தலான்லயே நடத்துங்கன்னு கேட்டாங்க, 1983ல அப்படி முதல் இமர்ஷன் ஸ்கூல் அங்கதான் ஆரம்பிச்சுது. பிள்ளைங்க இரண்டாந்தர ஆளா நிக்கக் கூடாதுன்னு அந்த அம்மா அப்பாக்கள் எடுத்த முடிவு, எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை.

ஆனா ஒரு குறையும் சொல்லணும். கடையில எனக்கு முன்னாடி நிக்கிறவர்கிட்ட கத்தலான்ல பேசிட்டிருப்பாங்க, என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷுக்கு மாறிடுவாங்க. மரியாதைக்குத்தான் மாறுறாங்க, எனக்குத் தெரியும். ஆனா நான் கத்தலான்ல பதில் சொன்ன பிறகும் ஸ்பானிஷ்லயே தொடர்ந்தா, "நீ எங்க ஆளு இல்ல"ன்னு சொல்லாம சொன்ன மாதிரி இருக்கு. புதுசா வர்றவங்களைக் குறிக்க "நோவிங்குட்ஸ்"னு ஒரு நல்ல சொல் வச்சிருக்காங்க, புதுசா வந்தவங்கன்னு அர்த்தம், "புதிய கத்தலான்கள்"னும் சொல்றாங்க. நான் வந்து எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் எத்தனை வருஷம் புதுசுன்னு கேட்கத் தோணும். அரசாங்கம் நடத்துற ஆரம்ப வகுப்பு ஃப்ரீ, 2003ல இருந்து தன்னார்வலரோட ஜோடி சேர்ந்து வாரம் ஒரு மணி நேரம் பேசிப் பழகுற திட்டமும் இருக்கு. எனக்குக் கிடைச்ச ஜோடி ஒரு ரிட்டயர்டு லாரி டிரைவர், அவரோட பெத்தவங்க அல்மேரியாக்காரங்க. எனக்குக் கத்தலான் வந்தது அவரு புண்ணியத்துல.

அப்ப நீங்க உங்களைக் கத்தலான்னு சொல்லிக்குவீங்களா?

எந்த ஊருன்னு கேட்டா இப்ப இருக்கிற ஊரைச் சொல்வேன், திரும்பவும் கேட்டா மதுரைன்னு சொல்வேன். என் பொண்ணு இங்க பிறந்தவ, ஸ்கூல்ல கத்தலான், பார்க்ல ஸ்பானிஷ், வீட்டுல தமிழ். போன வருஷம் பார்க்ல ஒரு தாத்தா அவகிட்ட நீ யாரும்மான்னு கேட்டப்ப யோசிக்காம "கத்தலானா"ன்னு சொல்லிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துட்டு "தமிழும்"னு சேர்த்தா. இங்க பிறந்த பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் லீகலா இருந்தா போதும், குடியுரிமை கேட்கலாம், அவளோட பேப்பர் எப்பவோ வந்துடுச்சு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. அதனால 7ஆவது பிரிவுபடி எங்க வீட்டுல கத்தலான் இப்போதைக்கு ஒருத்திதான், அவளுக்கு வயசு ஆறு.